ஒரு மணி நேரம் போதாது

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூல் சதாவதானி செய்குதம்பிப் பாவலரை மாணவர்களுக்கு அறிமுகம் செய்கிறது. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்தவர். 1907 மார்ச் 10 அன்று சென்னை விக்டோரியா அரங்கில், அறிஞர்கள் கூடியிருக்க, ஒரே வேளையில் நூறு செயல்களில் கவனத்தை நிறுத்திக் காட்டிப் பாராட்டுப் பெற்றவர். அந்தப் பாடத்தை நடத்துகிற அதே ஆசிரியர்தான் 'அடிபிறழாமல் எழுதுக' என்ற வினாவுக்கும் வகுப்பைத் தயார் செய்கிறார். நினைவில் நிற்பதுதான் படிப்பு என்று நாம் நெடுங்காலமாக நம்பி வந்திருக்கிறோம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை ஒப்பித்த காலம் முதல் இன்றைய பொதுத்தேர்வு வரை அந்த நம்பிக்கை பெரிதாக மாறவில்லை.

அந்த வகுப்பின் மூன்றாவது பெஞ்சில், தலைக்காயத்திலிருந்து மீண்டு வந்த ஒரு மாணவி உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லை ஒட்டி, செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக இருக்கும் ஊர் இடையஞ்சாவடி. நம் மாணவியின் ஊர் அதுதான் என்று வைத்துக்கொள்வோம். கிழக்கே சில கிலோமீட்டரில் கிழக்குக் கடற்கரைச் சாலை. அதில் ஏறி வடக்கே போனால் காலாப்பட்டு, கூனிமேடு, அப்புறம் மரக்காணத்து உப்பளங்கள். வாகனங்கள் விரைந்து போகவென்று அகலப்படுத்திய சாலை அது. அதைக் குறுக்கே கடப்பவர்களோ விடியலில் உப்பளத்துக்குக் கிளம்பும் பெண்கள், மீன்கூடையோடு வருபவர்கள், ஸ்கூட்டரின் பின்சீட்டில் தலைக்கவசம் இல்லாமல் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகள். அடிபட்டால் 108 வண்டி வருகிறது. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசர சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று, இதே வடதமிழகத்தின் மேல்மருவத்தூரில் தொடங்கியது. முன்பு உயிரைப் பறித்த காயங்களிலிருந்து இப்போது பிள்ளைகள் பிழைத்து வருகிறார்கள். இது பெரிய வெற்றி. பிழைத்த பிள்ளை பள்ளிக்கும் திரும்புகிறது, பத்தாம் வகுப்புத் தேர்வும் வருகிறது. மருத்துவமனை வாசலோடு முடிந்துவிடாத அந்த மீதிக் கதையைப் பற்றியது இந்தக் கட்டுரை.

நம் மாணவி கற்பனையானவள். அவளுடைய அறிகுறிகள் கற்பனை அல்ல. தலைக்காயம் பற்றிய மருத்துவ நூல்கள் விவரிப்பவை.

மூளை கெட்டித் தயிர்போல மென்மையானது. வண்டி மோதி உடல் சட்டென்று நிற்கும்போது, மண்டையோட்டுக்குள் மூளை மட்டும் தன் வேகத்தில் முன்னே போகிறது. மண்டையோட்டின் அடித்தளத்தில் கரடுமுரடான எலும்பு முகடுகள் உண்டு. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மடலும், காதுக்கு மேலே உள்ள பக்கவாட்டு மடலும் அந்த முகடுகளில் உரசி நசுங்குகின்றன. தலை சுழன்று திரும்பினால் இன்னொரு சேதமும் நேர்கிறது: மூளையின் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இந்தச் சேதம் சி.டி. ஸ்கேனில் பல வேளைகளில் தெரியாது. "ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று வீட்டில் நிம்மதி அடைவது இயல்புதான். இரத்தக் கசிவு இல்லை, அறுவை தேவையில்லை என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்கு உத்தரவாதம் கிடையாது.

மூச்சு நின்றோ இரத்த அழுத்தம் விழுந்தோ மூளைக்கு ஆக்சிஜன் குறைந்தால், முதலில் வாடும் இடங்களில் ஒன்று ஹிப்போகாம்பஸ். பக்கவாட்டு மடலின் உட்புறத்தில், இரண்டு பக்கமும் சுருண்டு கிடக்கும் சிறு பகுதி. இன்று நடந்ததை நாளைக்கு நினைவாக மாற்றித் தரும் வேலை பெருமளவு அதனுடையது. இதனால்தான் கண் விழித்த பிறகும் சில நாள்கள், சில வாரங்கள் ஒரு விசித்திரமான காலம் நீள்கிறது. பிள்ளை பேசுகிறது, சாப்பிடுகிறது, சிரிக்கிறது. காலையில் வந்து பார்த்துவிட்டுப் போன அத்தை வந்ததே மதியம் நினைவில் இல்லை. இந்த மறதிக் காலம் எவ்வளவு நீள்கிறதோ, பிற்காலச் சிக்கலும் அவ்வளவு கூடுதலாக இருக்கும் என்று மருத்துவர்கள் கணிப்பார்கள். டிஸ்சார்ஜ் காகிதத்தில் அந்த நாள்களின் கணக்கு இருந்தால் பள்ளிக்கு அது பெரிய தகவல்.

லேசான அடியில் பெரும்பாலான பிள்ளைகள் சில வாரங்களிலேயே தேறிவிடுகிறார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். நாம் பேசுவது அப்படித் தேறாதவர்களைப் பற்றி.

பள்ளியில் குழப்பம் எங்கே தொடங்குகிறது? மூன்றாம் வகுப்பில் படித்த வாய்ப்பாடு நம் மாணவிக்குத் தடையில்லாமல் வருகிறது. ஆத்திசூடி வருகிறது. நேற்று நடத்திய அமிலம், காரம் மட்டும் வரவில்லை. "பழசெல்லாம் ஒப்பிக்கிறாளே, நேத்து நடத்துனது மட்டும் எப்படி மறக்கும்? படிக்கச் சோம்பல்" என்று ஆசிரியர் முடிவு கட்டினால் அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காயத்துக்கு முன்பே உறுதிப்பட்ட நினைவுகள் தப்பிப் பிழைப்பதும், புதியவை ஒட்டாமல் போவதும்தான் இந்தக் காயத்தின் அடையாளம். சிறு வயதில் அடிபட்ட பிள்ளைகளிடம் இன்னொன்றும் உண்டு. ஐந்தாம் வகுப்பில் எல்லாம் சரியாகத் தெரியும். பாடம் கூடக் கூட, தானாகத் திட்டமிட்டுப் படிக்க வேண்டிய வயது வர வர, குறை வெளியே தெரியத் தொடங்கும். முன்மடல் முதிர்ந்து முடிய இருபது வயதைத் தாண்டுகிறது. முதிரவேண்டிய நேரத்தில் அடிபட்ட மடல், பல ஆண்டுகள் கழித்துத்தான் தன் கணக்கைக் காட்டுகிறது.

நினைவு என்பது ஒற்றைப் பொருள் அல்ல என்பதை அறிவியலுக்குக் கற்றுக்கொடுத்தவர்களே நோயாளிகள்தான். 1953-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்கு வலிப்பைக் கட்டுப்படுத்த மூளையில் அறுவை செய்தார்கள். இரண்டு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் போய்விட்டது. அதன்பின் 2008-இல் இறக்கும்வரை புதிய நிகழ்ச்சி எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. கனடாவின் உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு நட்சத்திரத்தின் விளிம்பை ஒட்டிப் பென்சிலால் வரைய வேண்டும். நாளுக்கு நாள் கை தேறியது. மூன்றாம் நாள் அழகாக வரைந்தார். ஆனால் இதற்கு முன் அதைச் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை. கை கற்றுக்கொண்டதை அவர் அறியவே இல்லை.

இதைப் படிக்கும்போதெல்லாம் நம் பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள்தான் என் நினைவுக்கு வருகிறது. நூறு மதிப்பெண்ணில் வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாகப் பதினாறு. வடிவொத்த முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு போடுவது எல்லாம் பெருமளவு கைப்பழக்கம். திரும்பத் திரும்ப, ஒரே வரிசையில், ஒரே கவராயத்தோடு பழகினால் நினைவு தவறும் பிள்ளைக்கும் இவை படியும். தேர்ச்சிக்கு 35 வேண்டும் என்றால், ஏறத்தாழப் பாதி இங்கேயே கிடைக்க வழி இருக்கிறது. நம் ஆசிரியர்கள் மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு இதை அனுபவத்தில் செய்துதான் வருகிறார்கள். தலைக்காயப் பிள்ளைக்கு அது ஏன் பலிக்கிறது என்பதற்கு நரம்பியல் காரணம் இருக்கிறது.

மொலைசனைவிட நம் கதைக்கு நெருக்கமானவர் இன்னொருவர். ஆய்வேடுகள் கே.சி. என்று குறிக்கும் கனடாக்காரர். 1981-இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டவர், அப்போது வயது முப்பது. உளவியலாளர் எண்டல் டல்விங்கும் கூட்டாளிகளும் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். சதுரங்கம் ஆடத் தெரிந்தது. பள்ளியில் படித்தது தெரிந்தது. வேலை பார்த்த இடத்தின் தொழில் விவரங்கள் தெரிந்தன. தன் வாழ்க்கையில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சியைக்கூட உள்ளிருந்து மீட்டுச் சொல்ல முடியவில்லை. தம்பி இறந்தது ஒரு தகவலாகத் தெரியும். அந்தச் செய்தியைக் கேட்ட நாள் இல்லை. ஆனாலும் இந்த மனிதர் புதிய தகவல்களைக் கற்றார். மெதுவாக, மிகப் பல முறை திரும்பச் சொன்னபோது கற்றார். மாதக்கணக்கில் அவை நிலைத்தன. யார் கற்றுக்கொடுத்தார்கள், எப்போது என்பது மட்டும் தெரியாது. ஊகித்துத் தப்பாகச் சொல்ல இடம் கொடுக்காமல், சரியான விடையை மட்டும் காட்டிக் கற்பித்தபோது கற்றல் தேறியது.

இந்தக் கடைசிச் செய்தி சின்னதல்ல. 1994-இல் இங்கிலாந்தின் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் இதைத் தனிச் சோதனையாகவே செய்து காட்டினார்கள். நமக்குத் தப்பான விடை சொன்னால் 'இது தப்பு' என்ற நினைவு நின்று அடுத்த முறை காக்கிறது. நினைவு பழுதானவருக்கு அந்த நினைவு நிற்பதில்லை. வாயில் வந்த தப்பு மட்டும் படிகிறது, அடுத்த முறையும் அதுவே வருகிறது. "யோசி, யோசிச்சுச் சொல்லு" என்று நிற்க வைத்துக் கேட்கும் நம் வழக்கமான முறை இந்தப் பிள்ளைக்குக் கேடு செய்வது இப்படித்தான். முதலில் விடையைக் காட்டிப் பிழையில்லாமல் படிய வைக்க வேண்டும். படிந்த பிறகு கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். 2010-இல் நியூ ஜெர்சியின் கெஸ்லர் அறக்கட்டளை ஆய்வாளர்கள் தலைக்காயப்பட்ட ஒரு சிறு குழுவிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டார்கள்: ஒரே மூச்சில் திரும்பத் திரும்பப் படிப்பது, இடைவெளி விட்டுப் படிப்பது, இடைவெளி விட்டுத் தன்னைத்தானே கேட்டுப் பார்ப்பது. மூன்றாவதே வென்றது. குழு சிறியது என்றாலும், நலமாக உள்ளவர்களிடம் பல ஆய்வுகள் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. இரவு முழுக்க ஒரே பாடத்தை உருப்போடுவதைவிட, காலை ஐந்து நிமிடம், மதியம் ஐந்து நிமிடம், மறுநாள் ஐந்து நிமிடம் என்று கேட்டுப் பார்ப்பது இந்தப் பிள்ளைக்குப் பலன் தரும்.

இனித் தேர்வுக்கூடம். இங்கேதான் மூன்றாவது மனிதர் நமக்கு வழி காட்டுகிறார். லண்டனில் ஃபரானே வர்கா-காதெமும் குழுவினரும் 1997-இல் மூன்று இளையோரைப் பற்றி எழுதினார்கள். ஒருவருக்குப் பிறந்தபோது, ஒருவருக்கு நான்கு வயதில், ஒருவருக்கு ஒன்பது வயதில் ஹிப்போகாம்பஸ் சிதைந்திருந்தது. மூவரும் சாதாரணப் பள்ளிக்குத்தான் போனார்கள். வாசிக்க, எழுத, உலக விவரம் பேச வயதுக்கு ஏற்ற அளவில் கற்றிருந்தார்கள். அன்றாட நினைவு மட்டும் மோசம். அவர்களில் ஜான் என்று குறிப்பிடப்படுபவரை மேலும் சோதித்தபோது ஒரு வியப்பான இடைவெளி தென்பட்டது. 'பார்த்ததைச் சொல்' என்றால் மிகவும் திணறினார். 'இவற்றில் எதைப் பார்த்தாய்' என்று காட்டிக் கேட்டால் பெருமளவு சரியாகச் சொன்னார்.

அறிவு உள்ளே இருக்கிறது; வெறும் தாளை நீட்டி 'எழுது' என்றால் வெளியே வருவதில்லை. ஒரு துப்புக் கொடுத்தால் வருகிறது. நமக்கு இது புதிய செய்தியா? அந்தாதி பாடியவர்கள் ஒரு பாட்டின் கடைசிச் சொல்லை அடுத்த பாட்டின் முதலில் வைத்தார்கள். நூறு பாட்டும் அறுபடாமல் வர அந்த ஒரு சொல் போதும். மேடையில் பாட்டு மறந்து நிற்கும் குழந்தைக்கு ஆசிரியர் திரைக்குப் பின்னாலிருந்து முதல் சொல்லை மட்டும் எடுத்துக் கொடுக்கிறார். முழுப் பாட்டும் வந்துவிடுகிறது. குழந்தைக்குப் பாட்டுத் தெரியாது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. பொதுத்தேர்வில் மட்டும் சொல்கிறோம்.

தலைக்காயப் பிள்ளைகள் எல்லோரும் ஜானைப்போல் இருப்பதில்லை. ஹிப்போகாம்பஸ் அதிகம் கெட்டவர்களுக்குப் பாடம் உள்ளே பதிவதே குறைவு. முன்மடல் கெட்டவர்களுக்குப் பதிந்ததைத் தேடி எடுப்பது சிக்கல். நரம்பிழைகள் அறுந்தவர்களுக்கு எல்லாமே மெதுவாக நடக்கும், சீக்கிரம் களைப்பு வரும், தலை வலிக்கும், மின்விசிறிச் சத்தம்கூட எரிச்சலூட்டும். பலரிடம் இவை கலந்தே இருக்கும். எது எவ்வளவு என்று கண்டறியச் சோதனை உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2004-இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்பில் ஒன்று: பதினைந்து சொற்களை வாசித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள், ஐந்து முறை. பிறகு வேறு பட்டியலால் கவனத்தைத் திருப்பி, மறுபடி பழைய சொற்களைக் கேட்பார்கள். நேரம் கழித்து மீண்டும் கேட்பார்கள். கடைசியில் புதிய சொற்களோடு கலந்து வாசித்து, 'இது பட்டியலில் இருந்ததா' என்பார்கள். ஐந்து முறைக்குப் பிறகும் ஏறாவிட்டால் பதிவதில் குறை. ஏறி, பிறகு காணாமல் போய், காட்டியதும் அடையாளம் தெரிந்தால் எடுப்பதில் குறை. முதல் வகைப் பிள்ளைக்குப் பாடத்தைக் குறைத்து ஆண்டு முழுக்கத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். இரண்டாம் வகைப் பிள்ளைக்குத் தேர்வில் துப்பு வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகாத இந்தச் சோதனை, பொதுத்தேர்வுச் சலுகை எப்படி இருக்க வேண்டும் என்பதையே சொல்லிவிடுகிறது.

நாம் தருவது என்ன? அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாற்றுத்திறனாளித் தேர்வர்களுக்குச் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை வழங்குகிறது. கண் தெரியாத பிள்ளைக்கும் கை இயங்காத பிள்ளைக்கும் இவை உயிர். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவும் தேர்வு முறையை மாற்றுவதற்கு உதாரணமாக இதே மூன்றைத்தான் சொல்கிறது. ஆனால் நம் மாணவியின் கை நன்றாக எழுதுகிறது. எழுதுபவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தால், சொல்ல வராத விடையை அவரிடம் எப்படிச் சொல்வாள்? மெதுவாகச் சிந்திப்பவளுக்குக் கூடுதல் நேரம் உதவும், மறுக்கவில்லை. வினாத்தாள் வாசிக்கும் பத்து நிமிடம், விவரம் நிரப்பும் ஐந்து நிமிடம், மூன்று மணி நேரம், அதற்கு மேல் ஒரு மணி நேரம் என்று இடைவிடாமல் உட்கார வைத்தால், இரண்டாவது மணியிலேயே களைத்துப்போகும் மூளைக்கு நான்காவது மணி வெறும் தண்டனை. அவளுக்கு வேண்டியது நடுவே எழுந்து போய்க் கண்ணை மூடி இருக்க இருபது நிமிடம். அந்த இருபது நிமிடமும் கடிகாரத்தில் சேரக்கூடாது.

இங்கிலாந்தின் தேர்வு வாரியங்களில் இந்த ஏற்பாடு உண்டு. கண்காணிப்போடு கூடிய ஓய்வு. ஓய்வு நேரம் தேர்வு நேரத்தில் கழியாது. கூடவே, கவனம் சிதறி உட்கார்ந்திருக்கும் மாணவரின் மேசையை லேசாகத் தட்டி 'அடுத்த வினாவுக்குப் போ' என்று மட்டும் நினைவூட்ட ஓர் ஆள். அவர் விடையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. அமெரிக்கா 1990-இலேயே தன் கல்விச் சட்டத்தில் தலைக்காயத்தைத் தனி வகையாகச் சேர்த்துவிட்டது. நம் சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. பார்க்கின்சன் இருக்கிறது, தசைச்சிதைவு இருக்கிறது, கற்றல் குறைபாடு இருக்கிறது. தலைக்காயம் என்ற பெயர் இல்லை. இவ்வளவு சாலை விபத்து நடக்கும் நாட்டில் இது எப்படி விடுபட்டது என்று எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது.

வழி அடைபட்டுவிடவில்லை. அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவு, நீண்டகாலக் குறைபாடு சூழலின் தடைகளோடு சேர்ந்து ஒருவரின் முழுப் பங்கேற்பைத் தடுக்கிறது என்றால் அவர் மாற்றுத்திறனாளிதான் என்கிறது. அங்கே பட்டியலும் இல்லை, சதவீதமும் இல்லை. 2021 பிப்ரவரி 11 அன்று விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைத்தான் பிடித்தது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு குடிமைப் பணித் தேர்வர் எழுதுபவரைக் கேட்டார்; 40 சதவீதம் இல்லை என்று மறுத்திருந்தார்கள். 40 சதவீத அளவுகோல் இட ஒதுக்கீட்டுக்குரியது, தேர்வில் தர வேண்டிய நியாயமான வசதிக்கு அது தடையாகாது, அந்த வசதி அவரவர் தேவைக்கேற்ப அமைய வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலோ எழுதுவதில் இடர்ப்பாடு உள்ளவர்களைப் பற்றி மட்டும் பேசியது. மறுபடியும் கை. நினைவுக்காக யாராவது வழக்குப் போட்டுத்தான் வழி பிறக்க வேண்டுமா?

எல்லாவற்றையும்விட நம் ஊரில் எதிர்ப்பைக் கிளப்பக்கூடியது துப்புத்தாள். கனடாவின் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நினைவுக் குறை சான்றளிக்கப்பட்ட மாணவர்கள் ஒரே ஒரு தாளைத் தேர்வுக்குள் கொண்டுபோகலாம். மாணவரே தயாரிப்பார், பாட ஆசிரியர் முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தருவார். அதில் விடை இருக்காது. முதலெழுத்துகள், ஒரு சிறு படம், ஒரு சொல். பாடத்தைப் படிக்காதவருக்கு அந்தத் தாளால் ஒரு பயனும் இல்லை. அதுதான் அதை அனுமதிப்பதற்கான அளவுகோலும். நம் மாணவிக்கு யாப்பு நினைவில்லை என்று வைத்துக்கொள்வோம். தாளில் 'தேமா, புளிமா' என்று மட்டும் இருக்கிறது. அசை பிரிக்கத் தெரியாதவர் அதை வைத்து ஒரு வெண்பாவையும் அலகிட முடியாது. தெரிந்தவளுக்கு அது கதவைத் திறந்து விடுகிறது.

"அது பிட்டு இல்லையா?" என்று கேட்பார்கள். பறக்கும் படை வந்து பார்த்தால் என்ன நினைக்கும்? கேள்வி நியாயமானது, அதற்கு நேரான பதில் வேண்டும். தேர்வு எதை அளக்கிறது என்று வினாவுக்கு வினா கேட்டுப் பார்க்க வேண்டும். கூம்பின் கன அளவு காணும் கணக்கு, சூத்திரத்தைப் பொருத்திப் பயன்படுத்தும் திறனை அளக்கிறது என்றால் சூத்திரத்தைக் கொடுப்பதால் அளவு கெடாது. கொரோனாவுக்குப் பின் இங்கிலாந்தில் 2022 முதல் பதினாறு வயதுக் கணக்குத் தேர்வில் எல்லாப் பிள்ளைகளுக்குமே சூத்திரத் தாள் தந்தார்கள். 'அடிபிறழாமல் எழுதுக' அப்படியல்ல; மனப்பாடத்தையேதான் அது அளக்கிறது. அங்கே துப்புக் கொடுத்தால் வினா வேறாகிவிடும். ஆகவே அந்தச் சில மதிப்பெண்களுக்கு இந்தப் பிள்ளைகளுக்கு வேறு வினாவே தரலாம்: பாடலை அச்சிட்டுக் கொடுத்து, அதன் பொருளையும் நயத்தையும் எழுதச் சொல்லலாம். மற்றவர்களுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. படித்தது தெரிந்தும் சைபர் வாங்குகிற பிள்ளைக்கு இப்போது நடப்பதுதான் அநீதி.

இவை எதையும் பொதுத்தேர்வு நாளில் புதிதாகக் கையில் கொடுக்கக்கூடாது. இங்கிலாந்து வாரியங்கள் ஒரு நிபந்தனை வைக்கின்றன: வகுப்பில் அன்றாடம் பழகிய ஏற்பாடுதான் தேர்விலும் கிடைக்கும். நல்ல நிபந்தனை. நினைவு பழுதான பிள்ளைக்குப் புதுமையே ஒரு சுமை. துப்புத்தாளைப் பயன்படுத்துவதும் ஒரு பழக்கம், அது ஊற மாதங்கள் வேண்டும். தாளில் இருப்பதைப் பார்க்க வேண்டும் என்பதையே அவள் மறந்துபோகலாம். வினாத்தாளைத் திறந்ததும் முதலில் துப்புத்தாளைத் தொடுவது என்று கை பழக வேண்டும். மொலைசனின் நட்சத்திரம் இங்கே நமக்கு நம்பிக்கை தருகிறது.

வேலை ஜூன் மாதமே தொடங்குகிறது. தலைமையாசிரியர் வானூர் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரை அழைத்துப் பேசலாம். ஜிப்மரின் நரம்பியல், மனநலத் துறைகளிலோ, இதே கடற்கரைச் சாலையில் வடக்கே முட்டுக்காட்டில் உள்ள தேசியப் பல்வகை மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்திலோ சோதனைக்குப் பெற்றோரை அனுப்பலாம். அம்மா உப்பளத்தில் கூலி வேலை பார்ப்பவராக இருந்தால், வரப்பும் பாத்தியும் காயும் கோடையில் ஒரு நாள் போவது ஒரு நாள் சம்பளம். மழைக்காலத்தில் உப்பு விளையாத மாதங்களில் தேதி வாங்கித் தருவது மருத்துவமனையால் முடியும், பள்ளி ஒரு கடிதம் எழுதினால். மருத்துவர் தரும் சான்றிதழில் 'தலைக்காயம், மறதி' என்று இரண்டு சொல் இருந்தால் தேர்வுத் துறையால் ஒன்றும் செய்ய முடியாது. பதிவதில் குறையா, எடுப்பதில் குறையா, எத்தனை நிமிடத்தில் களைப்பு, எந்த உதவி கொடுத்தால் எவ்வளவு தேறுகிறது என்று எழுதப்பட்டிருக்க வேண்டும்.

செப்டம்பர் காலாண்டுத் தேர்வை ஒத்திகையாக வைத்துக்கொள்ளலாம். தனி அறை, நாற்பது நிமிடத்துக்கு ஒரு முறை ஓய்வு, துப்புத்தாள். ஒரு பாடத்தைத் துப்புடனும் ஒரு பாடத்தைத் துப்பில்லாமலும் எழுத வைத்தால் வேறுபாடு எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். டிசம்பர் அரையாண்டில் அதையே திருத்தி மறுபடி செய்து பார்க்கலாம். பிறகு சலுகைக்கான விண்ணப்பம் கல்வி அலுவலகம் வழியாகப் போகும்போது, மருத்துவச் சான்றிதழோடு அந்த இரண்டு தேர்வுகளின் விடைத்தாள் நகல்களும் போக வேண்டும், எந்த விடைக்குத் துப்பைப் பார்த்தாள் என்று ஓரத்தில் ஆசிரியர் பென்சிலால் குறித்து. விண்ணப்பப் படிவத்தில் எழுதுபவர், கூடுதல் நேரம், மொழி விலக்கு என்ற மூன்று கட்டங்களுக்குக் கீழே, ஓய்வு என்றும் துப்புத்தாள் என்றும் இன்னும் இரண்டு கட்டங்களைத் தேர்வுத் துறை அச்சிட வேண்டும்.